பொன நாள

பொறையாறு, மருந்துக்கடை மாடி.
மூன்று கணினி, இரண்டு ஆள்.
கடல் உப்புக்கு விசைப்பலகையில்
முதலில் சாவது எப்போதும் ழகரம்.

பக்கத்து ஊர்த் தரங்கம்பாடியில்
முந்நூறு வருஷத்துக்கு முன் அச்சான வேதம்
தாள் தாளாகப் படமாகி எங்களிடம் வருகிறது.
புள்ளி வைக்காத தமிழ்.
காலும் ரகரமும் ஒரே கோடு.
குறிலா நெடிலா, கொம்பு வாய் திறக்காது.
அன்றைக்கு வாசித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது;
தாளில் பாதி, வாயில் பாதி.

நாங்கள் செய்வது இரண்டு கோப்பு.
ஒன்று உள்ளது உள்ளபடி: கோணல், கறை,
அச்சுக்கோத்தவன் தூக்கத்தில்
தலைகீழாக வைத்த னகரம் உட்பட.
அது கொர்நேலியுவின் பாடு.
மற்றது வாசிப்புக்கு.
அதில் புள்ளி வைக்கிறவள் நான்.

ஐப்பசி அடைமழை. கரண்ட் போய்
யூபிஎஸ் கத்துகிறது,
சேமிக்க நாலு நிமிஷம் இருக்கும்.
திரையில் ஒரு வரிக் கடைசி:
'பொன நாள'.
பொன்னா, போனதா?
பொன் நாள் என்று தட்டினேன்.
ஏன் என்று நீங்கள் கேட்டால்
சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
அழகாக இருந்தது.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர்
கடைமடைக்கு வர நாளாகும்,
வழியில் யாராவது மடையை அடைப்பார்கள்.
இதை யாரும் அடைக்கவில்லை.
கைபேசிச் செயலி ஒன்று எடுத்துக்கொண்டது,
அதிலிருந்து மயிலாடுதுறை நகைக்கடைக் காலண்டர்,
காலண்டரிலிருந்து
ஞானாபரணத்தின் கல்லறை.
உப்பளத்தில் கணக்கெழுதியவர்,
பங்குனியில் போனார்.
கருங்கல்லில் நாலே எழுத்து,
என் இரண்டு புள்ளியோடு.

வைகாசியில்தான் இன்னொரு பிரதியின் படங்கள் வந்தன.
அதே பக்கம், அதே வரி.
எந்தக் காலத்து ஆளோ,
என்னைப் போலவே அங்கே நின்று யோசித்து
கொம்பின் தலையில்
மசியால் ஒரு சுழி இழுத்திருந்தார்.
போன.
மேல்வரியைத் திரும்பப் படித்தேன்.
போனதுதான். வேறு வழியே இல்லை.
அன்றே படித்திருக்கலாம்.

கோப்பை மாற்ற ஒரு விசை போதும்.
'யாருக்குத் தெரியப்போகிறது' என்றான் கொர்நேலியு.
சொல்லிவிட்டு அவனே
திருத்தப் பட்டியலைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.
எழுதினேன்:
இவ்விடத்தில் பொன் என்பது மூலத்தில் இல்லை;
தட்டச்சு செய்தவளின் ஊகம்.
ரமீஜா, பொறையாறு.

ஓதும்பள்ளியில் ஒரு நுக்தா இடம் மாறினால்
பலகையைக் கழுவிவிட்டு
முதலிலிருந்து எழுதுவோம்.
கல்லை எதில் கழுவ?

அவர் மகள் எப்சிபா, கூட்டுறவு வங்கியில் காசாளர்.
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னேன்.
நோட்டு எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை.
'நிச்சயமாத் தெரியுமா?'
தெரியும்.
'ஒரு பைசா இடிச்சாலும் அப்பா
ராத்திரி முழுக்கக் கூட்டிக்கிட்டே இருப்பார்.'
வேறெதுவும் சொல்லவில்லை.
நாற்பத்தொன்றாம் டோக்கனைக் கூப்பிட்டாள்.

கல் இன்னும் அப்படியேதான்.

இன்றைக்கு நூற்றுப்பன்னிரண்டாம் தாள்.
வரி நடுவில் 'கொல'.
கோலா, கொல்லா?
கரண்ட் இருக்கிறது, அவசரமில்லை.
மேல்வரி படிக்கிறேன், கீழ்வரி படிக்கிறேன்,
தெரியவில்லை.
தெரியவில்லை என்று அடிக்குறிப்பு போட்டு
புள்ளியில்லாமலே விட்டு
விளக்கை அணைக்கிறேன்.