கேள்வி பதினொன்று

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டோம்.
நீர்நிலையின் பெயர்?
மஞ்சக்குப்பத்தில் மூன்று தெருக்களின் முதுகைத் தேய்த்துக்கொண்டு
கெடிலத்தில் போய் விழுகிறது.
டீக்கடையில் கேட்டால் சாக்கடை என்றார்கள்.
லாண்டரிக்காரர் அதுகூடச் சொல்லவில்லை, கையைக் காட்டினார்.
பாலத்துக் கல்லில் ஓர் எண் இருந்தது, 4/2.
"அதையே போடு" என்றான் ரவூஃப்.
போட்டேன்.
கையெழுத்து நன்றாக இருப்பதால்
எட்டாம் வகுப்பு ஆ பிரிவுக்கு எழுதுகிறவள் நான்.

ஃபிலோமினா டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார்.
செருப்பு வழுக்கியது.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவரே சிரித்தார்.

நிறம்: பால் குறைந்த டீ.
மணத்துக்கு நான்கு கட்டங்கள்,
இல்லை, மண், மீன், பிற.
பிற என்றால் விவரிக்க வேண்டுமாம்.
ஜெனோவா மூக்கை மூடியபடியே
"சொல்ல முடியாது" என்றாள்.
அதை அப்படியே எழுதினேன்.

காகிதத்தை நனைத்தோம், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே நின்றது.
எட்டு என்று வைத்துக்கொண்டோம்.

வேகம் அளக்க எலுமிச்சம்பழம்.
பத்து மீட்டர் கயிற்றைக் கடக்க நாற்பத்தொரு நொடி.
அந்தப் பக்கம் பழத்தைப் பிடிக்க
ஆள் நிறுத்த மறந்துபோனோம்.
இந்நேரம் அது தேவனாம்பட்டினம் தாண்டியிருக்கும்.

உயிர்கள்.
கொசுவலை தைத்த வளையத்தால் சேற்றை அள்ளி
பிரியாணி டப்பா மூடியில் கொட்டினோம்.
சிவப்புப் புழு, அறுந்த நூல் போல. ஒரு மதிப்பெண்.
நத்தை, மூன்று.
தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி, மூன்று.
"அவ்வளவுதானா" என்று டீச்சர் பேனாவை மூடும்போது
சேற்றில் ஒரு துண்டு சேறு மட்டும் தானாக நகர்ந்தது.
ஆறு கால். முதுகில்
இறக்கை வரப்போகிற இடத்தில் இரண்டு சின்னப் பைகள்.
தட்டான் குஞ்சு.
"டீச்சர், பத்து மார்க்கு!"
ரவூஃப் கத்தியதில் பாலத்தில் போன பைக் ஒன்று நின்று பார்த்தது.

ஆகமொத்தம் பதினேழு.
பதினைந்துக்குக் கீழே என்றால் 'இறந்தது' என்று
பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள்.
ஆளாளுக்குக் குனிந்து
அந்தப் பூச்சியைப் பார்த்தோம்,
ஆஸ்பத்திரியில் குழந்தை பார்க்கிறவர்கள் மாதிரி.

கேள்வி பதினொன்று.
கழிவு கலக்கும் இடங்கள் தென்படுகின்றனவா?
ஆம் எனில் எத்தனை? எங்கே?

பாலத்தின் ஓரத்தில் ஈரமண்ணில்
இரட்டை டயர்த் தடம் பின்னோக்கி வந்து நின்றிருந்தது.
கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் மட்டும்
குழாய் உரசி உரசி வெள்ளை போயிருந்தது.
கீழே நீல ரப்பர் வாஷர் ஒன்று.
ஜெனோவா எடுத்து, "இது என்னது?" என்றாள்.

எங்கள் ஜன்னல் விளிம்பில்
அதேபோல் ஆறு இருக்கிறது.

அப்பா பதினொன்றரைக்கு வண்டியை எடுப்பார்.
நிலையத்தில் வரிசை நீளம், டோக்கனுக்குக் காசு,
ஒரு ராத்திரிக்கு மூன்று வீட்டுத் தொட்டி,
நாலு வருடத் தவணை.
என் சைக்கிளும் அந்த வண்டியில்தான் வந்தது.
விடியலில் வந்து இரண்டு முறை குளிப்பார்.
குளித்த கையால்தான் என் தலையைத் தொடுவார்.

"என்ன, எழுதிட்டியா?" டீச்சர் கேட்டார்.
பேனா முனை காய்ந்திருந்தது.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன், எழுதியது.

ஆம்.
ஒன்று.
பாலத்தின் வடக்குச் சுவர், வெள்ளை போன இடம்.
நேரம் என்று கட்டம் எதுவும் இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஜெனோவா மூடியைச் சாய்த்தாள்.
குஞ்சு கொஞ்சநேரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்து
பிறகு விட்டது.

கடைசி வரியில்
பதிவு செய்தவர் பெயர் கேட்டிருந்தார்கள்.
லாரி நெற்றியில்
இரண்டு மயிலுக்கு நடுவே
பெயிண்டர் மஞ்சளில் வளைத்து வளைத்து எழுதிய
அதே நான்கு எழுத்தை
சின்னதாக எழுதி
தாளை மடித்துக் கொடுத்தேன்.