ஒரு முழம்

சந்தியாகு தோளில் ஒரு தழும்பு,
சூடைச் செதிலாய் மினுங்கும்.
அன்று கச்சான் காற்று;
வள்ளம் ஒரு முழம் சாய்ந்ததில்
நெஞ்சுக்கு வந்தது
தோளோடு போயிற்று.
வருசா வருசம் திருவிழாவில்
அலைக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி.

பாம்பன் டீக்கடையில் நேற்று
யாரோ போனை நீட்டினார்கள்:
பறக்கும்போதே திரும்பும் தோட்டா.
தட்டான் அளவு ட்ரோன் ஒன்று முன்னே போய்
ஆள் இவன்தானா என்று பார்த்துச் சொல்ல,
காற்றைக் கழித்துக்கொண்டு
வளைந்து வருகிறது.

"அலையையும் கணக்குப் பண்ணுமா?"
"பண்ணும்ணே. நீ எந்தப் பக்கம் சாஞ்சாலும்."

ஆடை படிந்த டீயை
அப்படியே வைத்தான்.
"அப்ப இதுல கடலுக்கு
ஒரு வேலையும் இல்ல."

துறைக்கு இறங்கிப் போனான்.
காசு கொடுக்கவில்லை.
கடைக்காரர் கேட்கவுமில்லை.