ஐம்பத்தைந்து

வழக்கறிஞர் புவனேஸ்வரி பென்சிலால்
ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.
இதுதான் உங்கள் பங்கு.
லெபோ பந்தாயில் இரண்டாம் மாடி.
கீழே ஒரு பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது.

இப்போது கைக்கு வராது, என்றாள்.
சேமநிதியில் யாரும் கைவைக்க முடியாது.
அவர் எடுக்கும்போதுதான் நீங்கள் கேட்கலாம்.
எடுக்கும்போது என்றால்?
ஐம்பத்தைந்து வயதில்.

நவநீதனுக்கு ஐம்பத்தொன்று முடிந்து நாலு மாதம்.
பிறந்த தேதியைக் காகிதம் பார்க்காமல் சொன்னேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.

என் கணக்கும் இணைப்பில் இருந்தது.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லு பார்த்த ஆறு வருடம்.
இரட்டைப் பிள்ளைகள் பிறந்த மாதத்தோடு
முதலாளி பங்கும் நின்றது, என் பங்கும்.
லாப ஈவு மட்டும் வருடா வருடம் வந்து
ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றிவிட்டுப் போயிருக்கிறது.

அவன் கணக்கு படிப்படியாக ஏறுகிறது.
இந்த வரி, அவன் இரவு ஷிப்டுக்கு நான் சோறு கட்டிய வருடம்.
இது அவன் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தது.
இதற்கு என்ன செய்தேன், நினைவில்லை,
ஏதோ செய்துகொண்டுதான் இருந்தேன்.
எல்லாவற்றையும் சேர்த்து
முப்பத்தைந்து விழுக்காடு.
சௌராஸ்தா சந்தையில் மீனுக்குப் பேசுவதுபோல்
இரண்டு பக்கமும் பேசி நிறுத்திய எண்.

வரி பிடிப்பார்களா என்றேன்.
இதற்கு இல்லை.
ஜீவனாம்சத்துக்குத்தான் அவர் வரிக்கழிவு கேட்கலாம்,
மனைவிக்கு என்ன உச்சமோ
முன்னாள் மனைவிக்கும் அதே.
நாலாயிரம் வெள்ளி. பாரத்தில் ஒரே கட்டம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இருபத்திரண்டு வருடம் கழித்து
வருமான வரி இலாகா ஒன்றுதான்
என் விலையைக் குறைக்காமல் வைத்திருக்கிறது.

ஆக, இன்னும் மூன்று வருடம் எட்டு மாதம்
அவன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்கக்கூடாது.
மழையில் பாலத்தின்மேல்
மோட்டாரை விரட்டக்கூடாது.
தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினால்
இதைத்தான் கேட்கவேண்டும்.
எந்த முகத்தோடு கேட்பது?

கோப்பை மூடும்போது கடைசித் தாள் நழுவியது.
வாரிசாகக் குறித்தவர்: என் பெயர்.
உறவு: மனைவி.
பங்கு: நூறு.

புவனேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள்.
மாற்றச் சொல்லி அவர் தரப்புக்கு எழுதவா?

வெளியே தூறல் பிடித்திருந்தது.
குடையின் கம்பி ஒன்று மடங்கிக் கிடந்தது.
அதை நிமிர்த்திக்கொண்டே
பதில் சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரமானது.