சுமை: இல்லை

ஏப்ரல். பனி கரைந்து சாலை இளகும் மாதம்.
மேலே இறுகினாற்போல் தார்,
அடியில் கஞ்சி.
ஆகவே மானிடோபாவில் எடைக் கட்டுப்பாடு.
ஆகவே பிராண்டனுக்கு மேற்கே இந்த எடைமேடை,
கண்ணாடிப் பெட்டிக்குள் நான்,
கோதுமை ட்ரக், உர ட்ரக், பன்றி ட்ரக்.

இன்று காலை ஆறு பத்துக்கு
ஒரு பீரங்கி வந்தது.

யாரும் இழுத்து வரவில்லை. ஏற்றியும் வரவில்லை.
தானே ஓடி வந்தது.
முகப்பு விளக்கு, வைப்பர், வலப்பக்க சிக்னல்,
எல்லாம் போட்டு,
சட்டத்துக்கு அடங்கின பிள்ளையாய்.
நீளக் குழாய் முதுகில் படுத்து
சாரதியின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தது.
அதன் வாய்க்கு ஒரு கன்வஸ் உறை,
குளிருக்குக் கட்டிவிட்டது போல நாடா முடிச்சு.

"ராணுவ வண்டி. நிற்கவே தேவையில்லை" என்றேன்.
"தெரியும்" என்றாள் கோப்ரல் ஒக்கிமாவ்.
"சோதனைக்கு வந்த புது வண்டி.
விற்கிறவர்கள் சொன்ன எடையை
எங்கள் சார்ஜன்ற் நம்பவில்லை."

விற்கிறவர்கள் சொன்ன எடையை
பதினொரு வருடமாக நானும் நம்பியதில்லை.

அச்சு அச்சாக ஏற்றினோம்.
ஏழாயிரத்து நானூறு. ஏழாயிரத்து அறுநூறு.
ஒன்பதாயிரத்து நூறு. ஒன்பதாயிரம்.
அவர்களின் தாளில் முப்பத்தொரு தொன்.
என் மேடையில் முப்பத்துமூன்று, மேலே ஒரு நூறு கிலோ.
"நினைத்தேன்" என்று சிரித்தாள்.

படிவம்.
வண்டி இலக்கம்: எழுதினேன்.
அச்சுகள்: நான்கு.
சுமை:

பேனை அங்கே நின்றது.
"குண்டு ஏதும்?"
"ஒன்றும் இல்லை. வெறும் வண்டி."
பன்றி ட்ரக்கில் பன்றிகள் சுமை,
இறக்கினால் ட்ரக் ட்ரக்காக மிஞ்சும்.
இதில் எதை இறக்குவது?

பின்பக்கம் மடங்கிக் கிடந்த
இரும்பு மண்வெட்டிகளைக் காட்டினாள்.
சுடுமுன் இறக்கி நிலத்தில் ஊன்ற வேண்டும்.
உதையை மண் வாங்கிக்கொள்ளும்.
நின்று, ஊன்றி, ஆறு குண்டு அனுப்பிவிட்டு
மூன்று நிமிடத்துக்குள் கிளம்பிவிடலாம்.
"கடைசிக் குண்டு விழுகிற நேரம்
நாங்கள் அந்த இடத்திலேயே இருக்க மாட்டோம்."
முதல் சம்பளத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"இங்கிருந்து என்றால் எது வரைக்கும்?"
சுவர் வரைபடத்தில் விரலை வைத்தாள்,
மேற்கே கொஞ்சம், பிறகு வடக்கே.
ரிவர்ஸ் ஏரிக்கரை.
கோடையில் நாங்கள் சோறு கட்டிப் போய்
விரித்துச் சாப்பிடும் மரமேசை
அவளின் நகத்துக்கு அடியில்.

படிவத்துக்குத்தான் இது பீரங்கி.
என் வாயில் இதற்குப் பெயர் ஆட்லறி.
எனக்குத் தெரிந்த கணக்கு மற்ற முனைக் கணக்கு.
தூரத்தில் ஒரு 'டும்'.
பிறகு எண்ண வேண்டும்.
இருபதைத் தாண்டி எண்ணினால்
அந்த ஷெல் வேறு யாருக்கோ.
அந்த 'வேறு யாரோ'வுக்காக
ஒரு நாளும் நான் எண்ணியதில்லை.
அனுப்பியவர்கள்
அதே நேரத்தில் என்ன செய்தார்கள் என்பது
இன்றைக்குத்தான் தெரிந்தது.
மண்வெட்டியை மடித்தார்கள்.

சொல்லவில்லை அவளிடம்.
இருபத்திரண்டு இருக்கும், பின்னலில் பனித்துளி.
கோப்பி வேண்டுமா என்றேன்.
இரண்டு சீனி என்றாள்.
குடித்து, கோப்பையைக் கழுவியே வைத்துவிட்டுப் போனாள்.

போன பிறகு பார்த்தேன்:
மேடையை விட்டு இறங்கும் இடத்தில்
தார் பெருவிரல் ஆழத்துக்கு அமிழ்ந்திருந்தது.
அதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது.

சுமை: இல்லை
என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்து ஹென்றி டைக்கின் பன்றிகள்.
"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கத்தினார்.
நூற்றெண்பது கிலோ கூட இருந்தது.
தண்டம் எழுதினேன்.