நான்கெல்லை

வடக்கே செண்பகவல்லி வீட்டுச் சுவர்,
தெற்கே முடிகொண்டான் ஆற்றில் பிரியும் கன்னி வாய்க்கால்,
கிழக்கே கறிவேப்பிலை, மேற்கே கக்கூஸ்.
இதற்குள் அடங்கிய கொல்லையில்
கோழி ஐந்து, சேவல் ஒன்று,
விளிம்புடைந்த சிமெண்ட் தொட்டியில்
பாலாமை ஒன்று.

நன்னிலம் முன்சீப் கோர்ட்டில் நான் அமீனா.
"ஆமை புகுந்த வீடும்..." என்று
செண்பகவல்லி ஆரம்பிப்பாள்,
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வாள்.
"அமீனா புகுந்த வீடும். சொல்லுங்க.
ரெண்டும் இங்கேதான் இருக்கு.
மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ்தானே?"
கடனுக்கு நாலு முட்டை வாங்கிக்கொண்டு போவாள்.

போன வைகாசியில் தூர்வார வந்த பொக்லைன்
அள்ளி எங்கள் பக்கம் கொட்டிய சேற்றில் கிடந்தது.
ஓட்டில் ஒரு கீறல், உள்ளே வெள்ளை.
மஞ்சள் வைத்தேன்.
தண்ணி வந்ததும் விட்டுடு என்றார் தில்லைநாயகம்.
தண்ணீர் வந்தது. புண் ஆறவில்லை.
புண் ஆறியது. நான் விடவில்லை.
வீட்டில் வைத்திருப்பது குற்றம், எனக்குத் தெரியும்.
ஊருக்கெல்லாம் சம்மன் கொண்டுபோகிறவள்
இந்த ஒரு கதவை மட்டும் தட்டாமல் இருந்தேன்.

முதல்நாள் அது கழுத்தை நீட்டியபோது
சேவல் கறிவேப்பிலை மேல் ஏறிவிட்டது.
பிறகு பழகிக்கொண்டன, அல்லது
ஒன்றையொன்று கவனிப்பதை விட்டன.
கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைத்தாலும்
கோழிகளுக்கு அந்தத் தொட்டித் தண்ணீர்தான் வேண்டும்.
இரண்டு வேளையும் மாற்றினேன்,
கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
நத்தை போட்டால் மட்டும் சண்டை.
யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது.

செவலைக் கோழி எங்கள் வீட்டில் பொரித்ததில்லை.
வேலங்குடியில் ஒரு வீடு. டிகிரி ஆகி, அவகாசம் முடிந்து,
பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் படி இறங்கும்போது
உள்ளே கொக்கரித்தது.
சீலை உடைத்தேன்.
அரிசிப் பானைக்குப் பின்னால் அடையில் இருந்தது.
அஞ்சலாட்சி தெருவில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.
திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
"அதையும் நீயே வச்சுக்க."
அடுப்புப் பாத்திரமும் தாலியும் ஜப்தியில் சேராது.
கோழி எதில் சேரும் என்று
அன்று நான் யாரையும் கேட்கவில்லை.
பதினொரு முட்டையையும் முந்தானையில் கட்டி
பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.
ஒன்றும் பொரிக்கவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை
கோழிகள் மண் குளிக்கும் குழியில்
ஆமை பின்கால்களால் பறித்துக்கொண்டிருந்தது.
பெரிய கோலிக்குண்டு போல ஏழு முட்டை.
அது மூடிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனது,
செவலை வந்து கிளற ஆரம்பித்தது.
பஞ்சாரத்தை எடுத்துக் கவிழ்த்தேன்,
மேலே அம்மிக்கல்.
பஞ்சாரத்துக்கு உள்ளே மண்,
வெளியே கோழிகள்.
உருட்டக் கூடாது, புரட்டக் கூடாது,
கோழி முட்டை மாதிரி இல்லை என்று
கோர்ட் வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.
இருபத்தொரு நாள் கணக்கு மட்டும் தெரிந்த கொல்லை அது.
தை போனது, பங்குனி போனது,
கறுப்புக் கோழி ரெண்டு ஈடு குஞ்சு இறக்கியது.
பருந்துக்கு எட்டு.
பஞ்சாரம் நகரவே இல்லை.

ஆடிக் கடைசி மழையில் மண் கரைந்தபோது
மூன்று வந்தன, காசு அளவு.
நான் பஞ்சாரத்தைத் தூக்கிய அந்த ஒரு நொடியில்
செவலை ஒன்றைக் கொத்தி
வண்டு என்று நினைத்தோ என்னவோ
வேலிப்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடியது.
கத்தினேன். கல்லை எடுத்தேன்.
எறியவில்லை.

மீதி இரண்டையும் தாயையும்
கேஸ்கட்டுப் பையில் வைத்து
பொக்லைன் போகாத, தாமரை மண்டிய
சட்டிரஸ் தாண்டிய மடுவுக்குக் கொண்டுபோனேன்.
தாய் திரும்பிப் பார்க்கவில்லை.
நேரில் சென்று ஒப்படைத்தேன் என்று
எழுதிக் கையெழுத்துப் போட
அங்கே யாரும் இல்லை.

தொட்டியை இன்னும் கவிழ்க்கவில்லை.
மழைத் தண்ணீர் பாதி நிற்கிறது.
கிண்ணத்தைத் தாண்டிப் போய்
செவலை அதில்தான் குடிக்கிறது.