ஒழுங்கு மாறக் கூடாது

கல்முனைச் செற்றுக்கு முன்னால் இரண்டாம் நாள்.
என் ஸ்கூட்டியின் மூக்குக்கு நேரே
ஒரு மோட்டார் சைக்கிளின் பின் தகடு:
பி, டி, ரி.
வாசிக்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆட்டத்தைத் தொடக்கியவர் ஜௌசிக் காக்கா.
தகட்டில் உள்ள எழுத்தெல்லாம் வரவேணும்,
இடையில எது வந்தாலும் வரட்டும்,
ஒழுங்கு மட்டும் மாறக் கூடாது,
கியூ மாதிரி, என்றார்.
சொன்ன வாயாலேயே
இடையில் புகப் பார்த்த ஒரு பல்சர்காரனை
ஏசிக் கலைத்தார்.

அவருடைய ஓட்டோ ஏ, பி, எஸ்.
வாங்கி நாலு வருசமாம்.
சொந்தத் தகட்டுக்கு ஒரு சொல் அவரிடம் இல்லை.
துவக்கோடு நடந்துகொண்டிருந்த உகணைக் கொன்ஸ்டபிள்
நின்று, தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்து
'ஆப்சன்ட்' என்றார்.
விடியப் பேர் கூப்பிடுகையில் கேட்கிற சொல்லாம்.
மறுகா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம்
எங்கள் தகடுகளைக் குனிந்து பார்த்துப் போனார்.

எனக்கு இங்கிலீசில் எஸ் பாஸ்.
ஓ-எல் எழுதிப் பதினேழு வருசம்.
வெயில் மண்டைக்குள் இறங்கிய நேரம்
'பெட்ஷீட்' என்றேன்.
அது ரெண்டு சொல்லெண்டு காக்கா சண்டை.
துணி ஒண்டுதானே காக்கா,
நீங்க பாதியையா விரிச்சுப் படுக்கிற?
கொன்ஸ்டபிள் என் பக்கம்.

இன்னொரு சொல்லும் நாக்கில் இருந்தது.
டி, ஈ, பி, ரி.
கடன்.
நடுவில் வாய் திறவாமல் ஒரு பி.
மூன்று எழுத்தும் இருக்கிறது, ஒழுங்குதான் பிழை,
டி முந்திக்கொண்டு நிற்கிறது.
நல்ல காலம் என்று விழுங்கினேன்.
ஏனென்றால் அந்த மோட்டார் சைக்கிள்
சுதேசனுடையது.

ஐஸ் பக்கற் விற்க நான் எடுத்த ஃப்ரீசருக்குக்
கிழமைக் காசு வாங்க வருகிற சுதேசன்.
கரண்ட் போய்ப் போய்
ஃப்ரீசருக்குள் இப்போது வெங்காயம் இருக்கிறது.
அவனுக்கும் பெற்றோல் இல்லை, மூன்று கிழமையாய்
பாண்டிருப்பில் ஒரு படலையும் தட்டவில்லை.
இரண்டு நாளாய் நான் அவன் முதுகைப் பார்த்தேன்.
திரும்பினால் அவன் என்னைப் பார்க்கவேண்டி வரும்,
அதனால் திரும்பவில்லை.

பின்னேரம், முன்பக்கம் பார்த்தபடியே,
'பேர்த்டே' என்றான்.
காக்கா காற்றில் விரலால் எழுதினார்.
பி இருக்கு. ஐ, ஆர்.
ரி வந்திட்டு, டி பிறகுதான் வருகுது.
ஏலா தம்பி, ஒழுங்கு மாறுது.
'தெரியும்' என்றான் சுதேசன்.
'இண்டைக்கு.'

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
காக்கா சீற்றுக்கு அடியில் துழாவி
உடைந்த பிஸ்கற் பக்கற் ஒன்றை எடுத்தார்.
கொன்ஸ்டபிள்
துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு
இரண்டு தின்றார்.

பவுசர் வந்தது விடிய நாலரைக்கு.
ஆளுக்கு ஐநூறு ரூபாய்க்கு அடித்தார்கள்.
பி, டி, ரி
தாழங்குடா வாசனையோ எதுவோ கேட்காமல்
புகையை விட்டுப் போயிற்று.

வந்த செவ்வாய்
படலையடியில் அதே எஞ்சின் சத்தம்.
கொடியில் ஈரப் பெட்ஷீட்.
நான் அதற்குப் பின்னால்.
கீழே என் கால் தெரியும் என்று
நின்ற பிறகுதான் யோசித்தேன்.

எஞ்சின் நின்றது.
கொப்பி விரிக்கிற சத்தம்.
கனநேரம் ஒன்றுமில்லை.
துணியின் பூக்களுக்கூடாக ஒரு நிழல்
எதையோ எண்ணுகிறாற் போல.
மறுகா பேனையின் மூடி.

ஏ, பி, எஸ் என்று
எனக்குக் கேட்கச் சொல்லி எழுதினான்.
மிச்ச மூன்று எழுத்தையும்
சத்தமில்லாமல்.