முதுகுக்குப் பின்னால் ஒரு கை

பதினோரு வருடம் நான் பார்த்தது
உன் பின்கழுத்தை, தெமெனுஷ்கா.
முகம் எதிரணிக்கு வாய்த்தது.
படம் பிடிக்க வந்தவர்களும்
அந்தப் பக்கம்தான் நின்றார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
கொண்டைக்குக் கீழே ஒரு மச்சம்,
வியர்வை அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும் வழி,
பிறகு
சர்வீஸுக்கு முன்னால் ஒரு நொடி
முதுகுக்குப் பின்னே மலரும் உன் இடது கை.

ஒரு விரல்: வலையை ஒட்டிக் குட்டையாக.
இரண்டு: தலைக்கு மேலே தூக்கப் போகிறேன், பின்வாங்கு.
சுண்டுவிரல்: ஓரக்கோடு.
மூடிய முட்டி: அவள் நெஞ்சுக்கே.
நாலே சொற்களில் ஓர் அகராதி.
இரண்டே பேர் பேசிய மொழி.

பெர்னிக்கில் பள்ளிக்கூடத்து அரங்கம் ஒழுகும்.
ஆடுகளத்தின் நடுவே வாளி.
அதில் இடித்தால் எதிராளிக்குப் புள்ளி என்று
நீதான் விதி போட்டாய்.
பிறகு உலகம் முழுக்க
வாளி இல்லாத அரங்குகளிலும்
வாளியைச் சுற்றியே ஓடினாய்.
பயிற்சியாளர்கள் அதை உன் பாணி என்றார்கள்.

லிமாவில் அறிவிப்பாளர்
உன் பெயரை மூன்றாக உடைத்தார்.
மூன்று துண்டுக்கும் தனித்தனியே கையசைத்தாய்.
கம்பாலாவில் பதினெட்டுக்குப் பதினெட்டில்
மின்சாரம் போயிற்று.
இருட்டில் இறகுப்பந்து விழும் சத்தம் மட்டும்.
வெளியே என்றாய், அடித்த நீ.
இல்லை, உள்ளே என்றார்கள் அவர்கள்.
நடுவர் பாவம், யாரை நம்புவது என்று தெரியாமல்
மறுபடி ஆடச் சொன்னார்.

பரிசு இருநூற்று எண்பது டாலர்.
பாதி உனக்கு, பாதி எனக்கு,
மீதி விமான நிறுவனத்துக்கு.
விடுதி ஹீட்டரின் மேல்
நம் காலுறைகள் ஜோடி மாறிக் காய்ந்தன.

உலகத் தரவரிசையில் நாற்பத்தொன்று.
ஒரு செவ்வாயிலிருந்து மறு செவ்வாய் வரை.
உன் அப்பா அந்தப் பக்கத்தை அச்செடுத்து
ஃப்ரிட்ஜில் ஒட்டினார்.
இன்றும் இருக்கிறது அது,
நம் பெயர்களின் மேல்
தர்பூசணி வடிவத்தில் ஒரு காந்தம்.

முழங்காலை இரண்டு முறை திறந்து மூடினார்கள்.
இரண்டாவது முறைக்குப் பின்
கழுத்து விறைத்தே இருந்தது.
வலிக்கிறதா என்று அதனிடம் கேட்க முடியாது.

லூவனில், மூன்றாவது ஆட்டம்,
பத்தொன்பதுக்கு இருபது.
சர்வீஸ் உன்னுடையது.
கை பின்னால் வந்தது.
ஐந்து விரல்.
விரிந்து.

அகராதியில் இல்லை அது.
என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றா?
போதும் என்றா?
வெறும் பிடிப்பா, விரல் உதறலா?
நான் பின்வாங்கவுமில்லை, முன்வரவுமில்லை.
இறகுப்பந்து வலையின் வெள்ளைப் பட்டையில் தலை சாய்த்து
கொஞ்சம் யோசித்து
நம் பக்கமே சரிந்தது.

நீ குனிந்து எடுத்தாய்,
அந்த முழங்காலோடு.
சிலிர்த்து நின்ற ஓர் இறகை
இரண்டு விரலால் நீவி நேராக்கி
வலைக்குக் கீழே நீட்டினாய் அவர்களிடம்,
இனி யாரும் அதை அடிக்கப் போவதில்லை என்று தெரிந்தும்.

நான் கேட்கவில்லை.
நீயும் சொல்லவில்லை.
நான் மருந்துக்கடையில் சேர்ந்தேன்.
நீ ஓட்டுநர் பள்ளியில்
பயந்தவர்களுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கிறாய்.

நேற்று காலை பேக்கரி வரிசை.
பனிப்புகையில் கண்ணாடி மங்கியிருந்தது.
முன்னால் நீ,
சால்வைக்கும் தொப்பிக்கும் நடுவே அதே மச்சம்.
உன் முறை வந்தது.
திரும்பாமலே கையைப் பின்னுக்குக் கொண்டுவந்து
இரண்டு விரல் காட்டினாய்.

இரண்டு பனித்சா போதுமா என்று கேட்டிருக்கிறாய்.

நானோ சரேலென்று பின்வாங்கி
ஒரு கிழவரின் காலை மிதித்துவிட்டேன்.
அவர் கத்தினார்.
நான் மன்னிப்புக் கேட்டேன்.
நீ திரும்பவேயில்லை.
தோள்கள் மட்டும் குலுங்கின,
குலுங்கின,
கடைக்காரி சில்லறையோடு காத்துக்கொண்டிருந்தாள்.